மார்த்தாவுக்குக் காட்டிய மதுரை

ஜனவரி 19, திங்கள்

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் தன்னைப் பற்றி உட்கார்ந்து எழுதியதில்லை. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். நான் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கைடு போடும் அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் வரிகளில் விட்டுப்போன புள்ளியையும் துணைக்காலையும் போடுகிறவள். சொந்தமாக ஒரு வரி எழுத உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று பார்ப்பது போல இருக்கிறது. புத்தாண்டுக்கு முதலாளி கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான்.

சோலை போலந்திலிருந்து கூப்பிட்டான். எப்போதும் எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வணக்கம் போடுவான், அவ்வளவுதான். இன்றைக்கு எனக்கே கூப்பிட்டான்.

"ஈசு, என் ஆபீஸ்ல வேலை பாக்குற மார்த்தான்னு ஒருத்தங்க மதுரைக்கு வர்றாங்க. எனக்கு லீவு கிடைக்கல, பின்னாடிதான் வருவேன். அதுவரைக்கும் நீயும் தமீமும் ஜெசிந்தாவும் பாத்துக்கங்க. கோயிலு மகாலெல்லாம் பகல்ல அவங்களே சுத்திக்குவாங்க. ராத்திரி மதுரையக் காட்டணும். நாம சுத்துன இடம் பூராத்தையும் காட்டிரு."

சரி என்றேன். வேறு என்ன கேட்பது என்று யோசிப்பதற்குள் வைத்துவிட்டான்.

அப்பாவிடம் சொன்னேன். ஊறிய பருத்தி விதையை அரைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"சோலை அனுப்புற ஆளா? ஆபீஸ்ல பெரிய பதவியா?"

"தெரியலப்பா. கூட வேலை பாக்குறவங்களாம்."

"பொம்பளையா?"

"ஆமா."

"சரிதான்" என்றார். அப்புறம் துணியை முறுக்கிப் பால் பிழிகிற வரைக்கும் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அப்பா கீழவாசலில் பருத்திப்பால் வண்டி போட்டிருக்கிறார். சாயங்காலம் தள்ளிக்கொண்டு போனால் நடுச்சாமம் தாண்டித்தான் வருவார். சோலைக்குத் தாய் தகப்பன் இல்லை. கல்லூரி நாட்களில் விடுதிச் சோறு பிடிக்காமல் ராத்திரி எங்கள் வண்டியில் வந்து நிற்பான். கூட்டமாக இருந்தால் டம்ளர் கழுவிக் கொடுப்பான். அப்பாவை "மாமா" என்றுதான் கூப்பிடுவான். ஊரில் எல்லாரும் அவரை "அண்ணாச்சி" என்கிறபோது அவன் மட்டும் மாமா. வெளிநாடு கிளம்பிய அன்று வண்டிக்கு முன்னால் நின்று, "திரும்பி வந்தா முதல்ல உங்ககிட்டத்தான் மாமா வருவேன்" என்றான். அப்பா அதை எப்படிக் கேட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். நான் எப்படிக் கேட்டுக்கொண்டேன் என்பது இங்கே தேவையில்லை.

ஜனவரி 21, புதன்

தமீமின் ஆம்னி வேனில் போய் மார்த்தாவைத் தங்கும் விடுதியிலிருந்து கூட்டிக்கொண்டோம். என்னைவிட ஒரு தலை உயரம். மூக்கின் மேல் புள்ளி புள்ளியாக, வெயில் பட்ட சப்போட்டாத் தோல் போல. அலுவலகத்தில் நான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்த ஆங்கில வரவேற்பு வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் என்னைக் கட்டிப் பிடித்துவிட்டாள்.

"நீதானே ஈஸ்வரி? உன்னைப் பற்றி அவன் சொல்லாத நாளே இல்லை."

அவள் பேசும் ஆங்கிலம் எனக்குப் புரிகிறது. நிறுத்தி நிதானமாகப் பேசுகிறாள். அவளுக்கும் அது கற்றுக்கொண்ட மொழிதான்.

முதலில் பரோட்டாக் கடை. கல்லில் கொத்துகிற சத்தத்தைக் கேட்டு அவள் இருக்கையில் உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினாள். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாளம் போட்டார். கறிதோசை வந்தது. இரண்டாவது வாயில் அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பாவம்டா, அழுகுது" என்றாள் ஜெசிந்தா.

"அழட்டும். நம்ம ஊருக்கு வந்துட்டு அழாமப் போனா என்ன மரியாதை" என்றான் தமீம். "ஏய் ஈசு, நீ ஏன் திங்காம அதையே பாத்துக்கிட்டு இருக்க? உன் தோசைய மாடு திங்கப் போகுது."

மார்த்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு தமிழில் "நல்லா இருக்கு" என்றாள். பிறகு என்னிடம், "பருத்திப்பால் எங்கே குடிப்பது? உன் அப்பாவின் வண்டியைப் பார்க்க வேண்டும்" என்றாள்.

இன்றைக்கு வண்டி இல்லை என்று சொல்லிவிட்டேன். வண்டி இரண்டு தெரு தள்ளி நின்றது. தமீம் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அப்பா இன்று தோள்பட்டை கிழிந்த பனியனில் இருந்தார். அதனால்தான் சொன்னேன்.

ஜனவரி 22, வியாழன்

எட்டாம் வகுப்பு அறிவியல், செரிமானம் பாடம் முழுக்கப் பார்த்தேன். ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. நிறைய இருந்ததாக முதலாளி பிறகு சொன்னார்.

ஜனவரி 23, வெள்ளி

ராத்திரி மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே போனை எடுத்துப்போகக் கூடாது. தமீமும் ஜெசிந்தாவும் எங்கள் செருப்புகளையும் போன்களையும் வைத்துக்கொண்டு வெளியே நின்றார்கள்.

நடை சாத்துவதற்கு முன்னால் சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெளிப்பிரகாரத்தில் ஒதுங்கி நின்றோம். சாம்பிராணிப் புகையும் மேளமும் எங்களைக் கடந்து போயின. அம்மன் இருக்கும் இடத்துக்கு அவர் தூங்கப் போகிறார் என்று சொன்னேன்.

"தினமுமா? தினமும் அவர்தான் அவளிடம் வர வேண்டுமா?"

"ஆமாம். மதுரையில் அப்படித்தான்."

அவள் சிரித்தாள். "சோலை இதைச் சொல்லியிருக்கிறான். 'எங்கள் ஊரில் ஆண்தான் பெண்ணைத் தேடி வர வேண்டும், நீ வந்துவிட்டாய்' என்று கேலி செய்வான்."

எதற்காகக் கேலி செய்தான் என்று கேட்டிருக்கலாம். மேளச் சத்தம் அதிகமாக இருந்தது.

வெளியே வந்தபோது ஜெசிந்தாவின் கையிலிருந்த மார்த்தாவின் போன் ஒளிர்ந்தது. திரையில் பனி கொட்டும் ஒரு தெரு. சோலை குல்லாய் போட்டிருக்கிறான். அவன் தோளில் இவள் தலை. ஜெசிந்தா சட்டென்று போனைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"வாங்க வாங்க, ஜிகர்தண்டாக் கடைய அடைச்சிருவாய்ங்க" என்று எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டு போனாள். கடை அடைக்க இன்னும் நேரம் இருந்தது.

அந்த ஊரில் குளிர் அதிகம். ஒட்டி நின்றுதான் படம் எடுப்பார்களாக இருக்கும்.

ஜனவரி 24, சனி

துணி துவைத்தேன். கேஸ் வந்தது. அப்பா வண்டிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார். தலைக்கும் மை அடித்திருக்கிறார், காதோரம் கொஞ்சம் கன்னத்தில் வழிந்திருந்தது. துடைத்துவிட்டேன்.

"அந்தம்மா நம்ம குடும்பத்தப் பத்தி ஏதும் விசாரிச்சுச்சா ஆத்தா?"

"ஏம்ப்பா?"

"சும்மாதான். வெளிய போறப்ப அந்தச் சிவப்புச் சுடிதாரப் போடு. வெளுத்துப்போனதப் போட்டுக்கிட்டுப் போகாத. பொறுமையாப் பேசு. கேட்டதுக்குப் பதில் சொல்லு, குனிஞ்சுக்கிட்டே நிக்காத."

மதியம் எழுந்து பார்த்தால், அம்மாவின் வெள்ளிக் குங்குமச்சிமிழைத் திருநீறு போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அது பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. கேட்டால், "கருத்துக் கிடந்துச்சு" என்றார்.

ஜனவரி 25, ஞாயிறு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன்பே போய்விட்டோம். மல்லிகை மூட்டைகளைக் கொட்டும்போது எழும் வாசனைக்கு மார்த்தா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு வியாபாரி அவள் கையில் ஒரு பிடி மொட்டை அள்ளி வைத்தார். "வச்சுக்க தாயி, உங்க ஊர்ல கிடைக்காது" என்றார். தமீமும் ஜெசிந்தாவும் டீ வாங்கப் போயிருந்தார்கள்.

"மாலைக்கு இதை மட்டும் போதுமா, ரோஜாவும் சேர்க்க வேண்டுமா?" என்று மார்த்தா கேட்டாள்.

"எந்த மாலைக்கு?"

"எங்கள் கல்யாணத்துக்கு. ஏப்ரலில் மல்லிகை இன்னும் நன்றாக இருக்கும் என்று சோலை சொன்னான்."

நான் மொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றின் காம்பும் மெல்லிய பச்சை.

அவள் முகம் மாறியது. "உனக்கு அவன் சொல்லவில்லையா? எல்லாருக்கும் சொல்லிவிட்டதாகச் சொன்னானே."

"தெரியும்" என்றேன். "தெரியும், தெரியும்." படித்த ஆங்கிலம் அத்தனையும் போய் அந்த ஒரு வார்த்தைதான் கையில் நின்றது.

அவளுக்கு மூச்சு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாலி கட்டும்போது முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மற்ற முடிச்சுகளை அவன் கூடப்பிறந்தவள் போடுவாள், அப்படித்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அவனுக்குத்தான் யாரும் இல்லையே. நீ போடுவாயா? நீ அவனுக்குத் தங்கை மாதிரி என்று அவன்தான் சொன்னான்."

அப்போது தமீம் டீயோடு வந்துவிட்டான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த டீ தளும்பியது.

வேனுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "உங்களுக்கெல்லாம் எப்பத் தெரியும்?"

"தீபாவளிக்கே சொல்லிட்டான்" என்றான் தமீம். "உன்கிட்ட நேர்ல வந்து அவனே சொல்றேன்னான். நாங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் ஈசு."

"அப்புறம் எதுக்கு அவங்கள என்னைய விட்டு ஊரு சுத்திக் காட்டச் சொன்னான்?"

"நீங்க ரெண்டு பேரும் பழகிட்டா, சொல்றதுக்குச் சுலுவா இருக்கும்னு நினைச்சிருப்பான். கிறுக்குப் பய."

ஜெசிந்தா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவளுக்குத்தான் நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பூ மார்க்கெட்டில் இத்தனை வாசனையில் தலை வலிக்கிறது, வேறொன்றும் இல்லை.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். முறத்தில் பருத்தி விதை பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் பொறுக்கினேன். ஒரு முறம் முடிந்தது. இன்னொன்று எடுத்தார்.

"அப்பா, மார்த்தா இருக்காங்கள்ல."

"ஆமா, அதான் நானும் சொல்லணும்னு இருந்தேன். சோலை நேத்து எனக்குப் போன் போட்டான்."

நான் விதையைக் கீழே விட்டேன்.

"என்னப்பா சொன்னான்?"

"'மாமா, மார்த்தா உங்களப் பாக்கணுங்கிறாங்க, ஈசுட்டச் சொல்லி வண்டிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க'ன்னான். 'நான் வந்து எல்லாம் பேசுறேன் மாமா, நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்'னு சொன்னான்." அப்பாவின் குரல் கொஞ்சம் கம்மியது. "பெத்தவங்க இல்லாத பிள்ளை, பாரு. ஆனாலும் முறை தெரிஞ்சிருக்கு. புதங்கெழம கூட்டிட்டு வா."

"அவங்களுக்கு வேலை இருக்கும்ப்பா."

"வருவாக. அதுக்குத்தானே வந்திருக்காக."

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

ஜனவரி 27, செவ்வாய்

நாளைக்குச் சொல்லலாம்.

ஜனவரி 28, புதன்

அப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

மார்த்தா தானே புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இணையத்தில் பார்த்துக் கட்டினாளாம், முந்தானை மறுதோளில் கிடந்தது. ஜெசிந்தா வேனிலேயே அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டாள். "ஏய் தமீமு, கண்ணாடியில பாக்காம ரோட்டப் பாத்து ஓட்டு" என்று திட்டிக்கொண்டே ஊக்கு குத்தினாள். மார்த்தாவின் கை ஜில்லென்று இருந்தது. தன் மாமனார் வீட்டுக்குப் போகிற மாதிரி பயமாக இருக்கிறது என்றாள். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள், உன் அப்பாதானே அவனுக்கு அப்பா என்றாள்.

கீழவாசலில் கடைகள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் வண்டி மட்டும் புதுப் பச்சையில் நின்றது. சுற்றிலும் மல்லிகைச் சரம். அப்பா கரை வைத்த புது வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் போட்டிருந்தார். அந்தச் சட்டையில் அவரைப் பார்த்துக் கூட்டம் சிரித்திருக்க வேண்டும், எப்போதும் வருகிற ஆட்டோக்காரர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலியில் துண்டு விரித்திருந்தது. வண்டியின் மேல் ஒரு தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், பூ. நடுவில் அம்மாவின் குங்குமச்சிமிழ்.

"வாங்கம்மா, வாங்க. உக்காருங்க" என்றார் அப்பா. மார்த்தா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

ஜெசிந்தாவை அருகில் கூப்பிட்டு, "வெத்தலக் காம்பு எந்தப் பக்கம்மா இருக்கணும்? ஈசு அம்மா இருந்தா அவளுக்குத் தெரியும்" என்று ரகசியமாகக் கேட்டார். ஜெசிந்தாவுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் தாம்பாளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார்கள்.

அண்டாவிலிருந்து டம்ளரில் பருத்திப்பாலை ஊற்றினார். சுக்குப் பொடி தூவி, தேங்காய்ப்பூ போட்டார். மார்த்தாவிடம் நீட்டப் போகிறார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினார்.

"நீயே குடு ஆத்தா. நீ குடுத்தாத்தான் முறை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெயிண்ட், தலைக்கு அடித்த மை, சிவப்புச் சுடிதார், குங்குமச்சிமிழ். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்தானே டம்ளரைக் கொண்டுவந்து கொடுப்பாள். பெரியவர்கள் இல்லாத பிள்ளை தன் ஆபீஸிலிருந்து ஒரு பெரியவரை அனுப்பி என்னைப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறான் என்று அப்பா நினைத்திருக்கிறார். மார்த்தா வந்த நாளிலிருந்து அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

தமீமும் அதே நேரத்தில் புரிந்துகொண்டான். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்று முன்னால் வந்தான். நான் அவனைப் பார்த்துத் தலையாட்டினேன். வேண்டாம் என்று. ஆட்டோக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுச் சட்டையில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

டம்ளரை வாங்கி மார்த்தாவிடம் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லு ஆத்தா" என்றார் அப்பா. "சீரு செனத்தின்னு பெருசாச் செய்ய எங்களுக்கு வசதி இல்ல. நான் வண்டி தள்ளுறவன். ஆனா பிள்ளையப் படிக்க வச்சிருக்கேன். எங்க வகையறாவுலயே காலேஜுக்குப் போன முதப் பொண்ணு."

மார்த்தா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "நீங்கள் வந்ததில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். அவர் சாதாரண மனிதர், குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்."

"குறையா? இதுவரை என்னை யாரும் இப்படி வரவேற்றதில்லை" என்றாள் மார்த்தா. கண் கலங்கியிருந்தது. அப்பாவிடம் திரும்பி, "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

"என்ன சொல்றாக?"

"மனசு நிறைஞ்சிருச்சாம்ப்பா."

அப்பா தாம்பாளத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். குங்குமச்சிமிழை எடுத்து மேலே வைத்தார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்.

"தாயில்லாம வளந்தது. ஒண்ணு வேணும்னா வாய விட்டுக் கேக்காது. தங்கமாப் பாத்துக்கிடணும்னு சொல்லு."

மார்த்தா காத்துக்கொண்டிருந்தாள்.

"தாய் இல்லாமல் வளர்ந்த பிள்ளை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "எதையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாது. தங்கம் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்."

அந்த ஒன்றை மட்டும் நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சோலைக்கும் பொருந்தியது.

மார்த்தா அழுதுவிட்டாள். "பார்த்துக்கொள்வேன். சத்தியமாக" என்றாள். தாம்பாளத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, குனிந்து அப்பாவின் காலைத் தொட்டாள். சோலை சொல்லிக்கொடுத்திருப்பான். அப்பா பதறி இரண்டடி பின்னால் போய் அண்டாவில் இடித்துக்கொண்டார்.

"ஐயையோ, எந்திரிங்கம்மா. இது என்ன இது, அம்புட்டுப் பெரிய இடத்துல இருக்கவுக." என்னைப் பார்த்து, "என்னத்தா சொன்னாக?" என்றார்.

"நல்லாப் பாத்துக்குவாங்களாம்ப்பா. சத்தியம் பண்றாங்க."

அதையும் மாற்றவில்லை.

ஜனவரி 29, வியாழன்

அப்பா பாட்டுப் பாடிக்கொண்டே பல் துலக்கினார். அம்மா போன பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை.

ஜனவரி 30, வெள்ளி

கரும்புச்சாறு கடைக்காரர், "என்னத்தா, வெளிநாடாமே" என்றார். தையல் கடை அக்கா, ரவிக்கைக்கு அளவு எடுக்க எப்போது வருகிறாய் என்றாள். அப்பா யாரிடமும் நேராகச் சொல்லியிருக்க மாட்டார். அவர் முகத்தைப் பார்த்தே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

ராத்திரி ஜெசிந்தா போனில் கத்தினாள். "இன்னும் சொல்லலயாடி நீ? நாள் போகப் போக அந்த மனுசன் ஊரு பூராம் சொல்லிருவாரு. நான் வந்து சொல்றேன்."

"நீ சொன்னா, உனக்கு முன்னாடியே தெரியும்னு ஆயிரும். உன்னைய மன்னிக்க மாட்டாரு."

"அப்ப நீ சொல்லு."

"நான் சொன்னா என்னையப் பாத்து அழ மாட்டாரு. அழுகைய அடக்கிக்கிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போவாரு. அதத்தான் என்னால பாக்க முடியாது."

பிறகு அவள், "சாப்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஜனவரி 31, சனி

ஜிகர்தண்டாக் கடை வாசலில், நாங்கள் நால்வர் மட்டும் சுற்றும் கடைசி ராத்திரி. நாளை சோலை வருகிறான். தமீம் வேண்டுமென்றே மொக்கை ஜோக்காகச் சொன்னான். மார்த்தா புரியாமலே சிரித்தாள். அவளை வெறுக்க நான் உண்மையாகவே முயன்றேன். அவள் தன் ஐஸ்கிரீமில் பாதியை எடுத்து, கேட்காமலே என் டம்ளரில் போட்டாள். எனக்கு ஐஸ்கிரீம்தான் பிடிக்கும் என்று இந்தப் பத்து நாளில் கவனித்திருக்கிறாள். சோலை ஒருநாளும் கவனித்ததில்லை.

குங்குமச்சிமிழைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். எடுத்துக் காட்டினாள். "இது உன் அம்மாவுடையது என்று ஜெசிந்தா சொன்னாள். உனக்கு வருத்தம் இல்லையே?"

"இல்லை. அப்பா கொடுத்தது. உங்களிடமே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அது இருந்த இடத்தைப் பார்த்தேன். வெல்வெட்டில் வட்டமாக ஒரு பள்ளம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலை ரயிலில் சோலை வந்தான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். மார்த்தா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். பிளாட்பாரத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவனுடைய பெட்டியைப் பிடித்துக்கொண்டேன், யாராவது பிடிக்க வேண்டும் அல்லவா.

தமீமும் ஜெசிந்தாவும் மார்த்தாவை முன்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். சோலை பின்தங்கினான்.

"ஈசு, உன்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான்..."

"மார்த்தா சொல்லிட்டாங்க."

"கோவமா?"

"ஜெசிந்தா இட்லி வாங்கி வச்சிருக்கா. ஆறிரும், வா."

அவன் நின்றுவிட்டான். "தமீம் எல்லாத்தையும் போன்ல சொன்னான். மாமா அப்படி நினைச்சிட்டாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது ஈசு. நான் அவர அப்பா ஸ்தானத்துல வச்சுத்தான் அப்படிப் பேசுனேன். உன்கிட்டயும் நான் ஒருநாளும் தப்பா..."

"இல்ல. நீ ஒண்ணும் சொல்லல."

அது உண்மைதான். அவன் எதுவும் சொன்னதில்லை. நான்தான் அவன் சொன்னவற்றுக்கு நடுவில் விட்டுப்போனதையெல்லாம் போட்டுப் போட்டு வாசித்திருக்கிறேன். என் வேலையே அதுதான்.

"அந்த முடிச்சு விஷயம் உனக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்" என்றான்.

"அதப் பத்தி அப்புறம் பேசுவோம்."

"வேற என்ன செய்யணும்? சொல்லு. மாமாகிட்ட நீயே எடுத்துச் சொல்லிரு, நீ சொன்னா அவரு கேப்பாரு. இல்ல தமீம விட்டுச் சொல்லச் சொல்லுவோமா? உனக்கு என்ன வேணும்னாலும் கேளு ஈசு, நான் செய்றேன்."

கல்லூரியில் படித்த நாளிலிருந்து அவனிடம் கேட்க நிறைய வைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் ஒன்றையும் கேட்டதில்லை. மேம்பாலப் படியில் ஜனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. பெட்டியைக் கீழே வைத்தேன். அவன் முகத்தைப் பார்த்து, குனியாமல், கேட்டேன்.

"இன்னைக்கு ராத்திரி நீ மட்டும் வண்டிக்கு வா. அவங்கள விட்டுட்டு வா. நான் இருக்க மாட்டேன். வந்தா முதல்ல அவர்ட்டத்தான் வருவேன்னு சொன்ன, அதுக்காக வா. உன்னோட டம்ளர அவரு தனியா எடுத்து வச்சிருக்காரு, நீ போனதுலருந்து வேற யாருக்கும் அதுல ஊத்துனதில்ல. இன்னைக்கு ஊத்துவாரு. சுக்கு தூக்கலாப் போடுவாரு, உனக்குப் பிடிக்கும்னு. நின்னு முழுசாக் குடி சோலை. குடிச்சு முடிச்சு டம்ளரக் கீழ வச்சதுக்கு அப்புறம் சொல்லு. அதுக்கு முன்னாடி சொல்லிறாத."